பட்டை வில்லும் பாயும் வண்டியும்



மோட்டார் வண்டியை முன்னால் தள்ளுவது எது என்று கேட்டால், எஞ்சின் என்று விடை சொல்வோர் பலர். சக்கரம் என்று சொல்வோர் சிலர். இரண்டும் பிழையல்ல. ஆயினும், சக்கரம் பூமியை உதைத்துப் பெறுகிற தள்ளுவிசையை வண்டியின் உடலிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது எது என்று அடுத்தபடியாகக் கேட்டால், பெரும்பாலோர் சற்றுத் தயங்கவே செய்வர். பின் இருசை இரண்டு பட்டை விற்கள் தாங்கும் வண்டிகளில், அந்த வேலையைச் செய்பவை அவ்விரண்டு விற்களே. விரற்கடை தடிப்புக்கூட இல்லாத எஃகுப் பட்டைகள் சில ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பெற்று, முழு வண்டியையும் தம் முன்முனையால் நெட்டித் தள்ளிக்கொண்டு போகின்றன.

லாரிப் பட்டறைகளில் கமான் பட்டை என்று வழங்கும் பொருள்தான் இது. தில்லியிலோ, மும்பையிலோ, கொல்கத்தாவிலோ வாழும் நம்மவர் அன்றாடம் காணும் சரக்கு லாரியின் அடியில் குனிந்து பார்த்தால் இதனைக் காணலாம். 2014 வரை உருவாகிவந்த அம்பாசிடர் காரின் பின்புறத்திலும் இதுவே இருந்தது. ஒடிந்துபோன லாரிப் பட்டையைக் கொல்லர் உலையில் காய்ச்சி அரிவாளாக அடிப்பதையும் ஊரில் நாம் பார்த்திருக்கிறோம். ஆகவே பொருள் புதிதன்று. ஆனால் இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட வண்டி வேறு: 1960களில் அமெரிக்க நாட்டின் டெட்ராய்ட் நகரை மையமாகக் கொண்டு பெருகிய ‘மசில் கார்’ என்னும் வண்டி.

மசில் கார் என்பதைத் தசை வண்டி என்று மொழிபெயர்த்தால் கசாப்புக்கடை நினைவுக்கு வரும். மல்ல வண்டி என்றால் ஓரளவு பொருந்தும். நடுத்தர அளவுள்ள சாதாரணக் குடும்பக் காரின் உடலில் பெரிய காரின் பேரெஞ்சினைப் பொருத்திவிடுவதே அதன் இலக்கணம். 1964இல் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ. இவ்வினத்துக்குத் தொடக்கம் எனப் பொதுவாகச் சொல்லப்படும். ஆனால் அந்த வண்டியின் பின்புறத்தில் இருந்தது சுருள் வில். அதனை இன்று விட்டுவிடுவோம். நமக்கு வேண்டியவை ஃபோர்டு மஸ்டாங், செவ்ரலே கமாரோ, டாட்ஜ் டார்ட், பிளிமத் ரோடு ரன்னர் முதலியவை. இவற்றின் பின் இருசு பட்டை வில்லின்மேல் அமர்ந்தது. எஞ்சினோ மல்லனுடையது, கால்களோ குமாஸ்தாவினுடையவை. இந்த முரணிலிருந்து பிறந்ததே இன்றைய பேச்சின் பொருள்: பின்சக்கரத்தின் தரைப் பிடிப்பை மிகுவிப்பது எப்படி?

டெட்ராய்ட் வட்டாரத்து மோட்டார்த் தொழிலில் நம்மவர் பலர் இன்று வேலை பார்க்கிறார்கள். அவர்களில் பழைய வண்டி ஒன்றை வாங்கிச் செப்பனிட்டு வைத்துக்கொள்ளும் ஆசை சிலருக்கு உண்டு. ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் அங்கே உட்வர்ட் சாலையில் பழைய வண்டிகளின் பெரும் ஊர்வலம் ஒன்று 1995 முதல் நடந்து வருகிறது. அதில் இத்தகைய வண்டிகள் அணி அணியாக வரும். அந்த ஆசை இல்லாதவர்க்கும் இப்பொருள் பயன்படாமல் போகாது. ஏனெனில் கமாரோவின் பட்டை வில்லுக்கு உள்ள நோய்தான் லாரியின் பட்டை வில்லுக்கும் உண்டு. லாரியில் அது மெல்ல வருகிறது, அவ்வளவே.

முதலில் ஒரு சிறு கணக்கு. கலைப் பட்டதாரிகளாகிய நமக்குக் கணக்கென்றால் கசப்புத்தான். எனினும் இதில் பெருக்கலும் வகுத்தலும் தவிர வேறொன்றுமில்லை.

1,600 கிலோ எடையுள்ள ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். எஞ்சின் முன்னால் இருப்பதால் 880 கிலோ முன் சக்கரங்களின்மீதும் 720 கிலோ பின் சக்கரங்களின்மீதும் நிற்கும். எஞ்சினின் முறுக்குவிசை 60 கிலோகிராம் மீட்டர் என்க. முதற் கியர் அதனை இரண்டரை மடங்காக்கும்; பின் இருசிலுள்ள கிரவுன் சக்கரமும் பினியனும் அதனை மேலும் 4 மடங்காக்கும். ஆக, சக்கரத்தில் 600. சக்கரத்தின் ஆரம் 34 சென்டிமீட்டர் ஆனால், தரையை உதைக்கத் தயாராக நிற்கும் விசை 1,760 கிலோவுக்கு மேல். வண்டியின் மொத்த எடையைக் காட்டிலும் இது அதிகம்!

ஆனால் தரை இதனை வாங்கிக்கொள்ளுமா? நல்ல ரப்பர் டயர், உலர்ந்த தார்ச்சாலையில், தன்மேல் உள்ள பாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு வரை தள்ளும் என்று கொள்வோம். நிற்கும் நிலையில் பின் சக்கரங்களின் பாரம் 720 கிலோதான். வண்டி விரைந்து கிளம்புகையில் அதன் பாரத்தில் ஒரு பகுதி பின்னுக்குச் சாய்கிறது. எவ்வளவு சாயும் என்பது மூன்றே செய்திகளைப் பொறுத்தது: எவ்வளவு விசையுடன் தள்ளப்படுகிறது, வண்டியின் புவியீர்ப்பு மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, முன் இருசுக்கும் பின் இருசுக்கும் இடையே எவ்வளவு தூரம். மையம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரத்திலும், இருசுகளின் இடைவெளி 275 சென்டிமீட்டராகவும் இருந்தால், தள்ளுவிசையில் ஐந்தில் ஒரு பங்கு பின்னுக்குப் போகும். 800 கிலோ விசையுடன் தள்ளினால் 160 கிலோ சாயும். பின்பாரம் 880 கிலோ ஆகும். அதில் பத்தில் ஒன்பது பங்கு ஏறத்தாழ 800. கணக்கு இவ்விடத்தில் முட்டி நின்றுவிடுகிறது. 1,760 கிலோ விசை தயாராக இருந்தும் 800 கிலோவே பயனாகும். எஞ்சியது டயரைப் புகையாக்கும்.

இவ்விடத்தில் ஒரு கருத்தை அழுத்திச் சொல்லவேண்டும். வண்டியின் பின்புறம் பதுங்கிக் கீழே அமர்ந்தால்தான் பாரம் பின்னுக்கு வரும் என்று பலர் நம்புகின்றனர். வண்டி அமர்வதும் அமராததும் வில்லின் மென்மையைப் பொறுத்தது. பாரம் சாய்வதோ நாம் மேலே சொன்ன மூன்றையே பொறுத்தது. கல்லால் ஆன வில்லை வைத்தாலும் அந்த 160 கிலோ வந்தே தீரும். ஆகவே வில்லைத் திருத்துவதனால் நாம் புதிய பாரத்தை உண்டாக்கிவிட முடியாது. கிடைத்த பாரம் இரு சக்கரங்களுக்கும் சமமாகப் போகிறதா, இடையறாது அழுத்துகிறதா என்று பார்த்துக்கொள்வதே நம்மால் ஆவது. அதுவே போதுமானது, ஏனெனில் கெட்டுப்போவது அங்கேதான்.

எப்படிக் கெடுகிறது? இரண்டு வழிகளில்.

முதலாவது, முறுக்கு. மின்சாரத் துளைக்கருவியால் சுவரில் துளையிட்டவர்களுக்குத் தெரியும்: முனை சுவரில் சிக்கிக்கொண்டால், கருவி எதிர்ப்புறமாகச் சுழன்று மணிக்கட்டைத் திருகிவிடும். பின் இருசிலும் இதுவே நடக்கிறது. கிரவுன் சக்கரம் வண்டிச் சக்கரங்களை முன்னோக்கிச் சுழற்ற முயலும்போது, அவற்றைத் தாங்கிய இருசுக்கூடு எதிர்ப்புறமாகச் சுழல முயல்கிறது. அதாவது, முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் பினியன் மூக்கு மேல்நோக்கி நிமிர்கிறது. இருசுக்கூட்டை இறுகப் பிடித்திருப்பது பட்டை வில். ஆகவே கூடு சுழலும்போது வில்லின் முன்பாதி மேல்நோக்கிக் கூன, பின்பாதி கீழ்நோக்கித் தொய்ய, வில் முழுவதும் பாம்புபோல் நெளிகிறது.

நெளிந்த வில் என்பது சேமித்து வைத்த வலிமை. டயரின் பிடி தாங்கும் வரை நெளிவு ஏறிக்கொண்டே போகும். பிடி விட்ட கணத்தில் வில் படீரென்று பழைய நிலைக்குத் திரும்பும். திரும்பியதும் டயர் மீண்டும் தரையைப் பற்றும், மீண்டும் நெளியும், மீண்டும் விடும். ஒரு வினாடிக்குள் இது பலமுறை நடக்கும். கரும்பலகையில் சுண்ணக்கட்டியை எதிர்ச்சாய்வாகப் பிடித்துத் தள்ளினால், கோடு விழாமல் புள்ளி புள்ளியாக விழுமே, அதே செயல். இதற்குச் சக்கரத் துள்ளல் என்று பெயர் கொடுக்கலாம். காரின் பின்புறம் கடப்பாரையால் இடிபடுவது போல் அதிரும்.

இரண்டாவது, சாய்வு. எஞ்சினிலிருந்து பின் இருசுக்கு வரும் புரொப்பல்லர் தண்டும் சுழல்கிறது அல்லவா? பின்னாலிருந்து பார்க்கையில் அது கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழலும். தான் சுழலும் திசையிலேயே இருசையும் திருப்ப முயலும். அதன் விளைவாக இடச் சக்கரம் தரையில் அழுந்தும். வலச் சக்கரம் இலேசாகும். நம் கணக்கின்படி 800 கிலோ விசையுடன் தள்ளுகையில் தண்டின் முறுக்கு 68 கிலோகிராம் மீட்டர். இரு சக்கரங்களுக்கும் இடைவெளி ஒன்றரை மீட்டரானால் வலச் சக்கரத்திலிருந்து 45 கிலோ வரை குறையக் கூடும். எஞ்சினின் எதிர்முறுக்கு வண்டியின் உடல் வழியாக இதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கும், முழுவதையும் கொடுக்காது. 45 கிலோ பெரிதா என்று கேட்கலாம். சாதாரண டிஃபரன்ஷியல் இரு சக்கரங்களுக்கும் சமமான முறுக்கையே கொடுக்கும். எளியவன் எவ்வளவு தாங்குவானோ அவ்வளவே வலியவனுக்கும் கிடைக்கும். ஆகவே வலச் சக்கரம் இழப்பதை இடச் சக்கரமும் இழக்கிறது. பழைய அமெரிக்க வண்டிகள் சாலையில் ஒற்றைக் கருங்கோடு போட்டுச் செல்வது இதனால்தான்.

இந்த இரு நோய்களையும் டெட்ராய்ட் பொறியாளர்கள் எவ்வாறு எதிர்கொண்டார்கள் என்பது சுவையான வரலாறு.

செவ்ரலே கம்பெனியார் 1962ஆம் ஆண்டு மாதிரியான செவி டூ என்னும் சிறு காரில் ஒற்றைப் பட்டை வில்லைப் புகுத்தினர். பட்டைக்குப் பட்டை உராய்வு இல்லை, கிறீச்சொலி இல்லை, எடையும் குறைவு. குடும்பக் காருக்கு அது நல்லதே. அதே ஒற்றைப் பட்டையை 1967ஆம் ஆண்டுக் கமாரோவிலும் வைத்தனர். பேரெஞ்சின் பூட்டிய கமாரோக்கள் துள்ளத் தொடங்கின. 1968இல் ஷாக் அப்சார்பர்களில் ஒன்றை இருசுக்கு முன்னும் மற்றொன்றை இருசுக்குப் பின்னுமாக மாற்றி வைத்தனர். அதுவரை இரண்டும் இருசுக்கு முன்புறமே இருந்தன. முன்பின்னாக வைத்தால் கூடு சுழலும்போது ஒன்று நீள, மற்றொன்று சுருங்கவேண்டும். இரண்டும் சேர்ந்து சுழற்சியைத் தணிக்கும். விசை மிகுந்த மாதிரிகளுக்குப் பல பட்டை அடுக்கிய வில்லையும் கொடுத்தனர். செலவு குறைந்த, அறிவு மிகுந்த திருத்தம் அது.

கிரைஸ்லர் கம்பெனியாரின் வழி இன்னும் நுட்பமானது. நம் கருத்தில் மிக அழகானதும் அதுவே. வில்லின் நடுவில் இருசை வைக்காமல், முன்னுக்குத் தள்ளி வைத்தனர். அதனால் முன்பாதி குட்டை, பின்பாதி நீளம். குட்டையானது எளிதில் வளையாது. ஆகவே முறுக்கை எதிர்க்கவும் வண்டியைத் தள்ளவும் முன்பாதி. மேடுபள்ளத்தில் மெத்தென்று அசையப் பின்பாதி. பினியன் மூக்கின்மேல் ஒரு ரப்பர்க் கட்டையையும் வைத்தனர். மூக்கு நிமிர்ந்தால் அது வண்டியின் அடித்தளத்தில் முட்டி நின்றுவிடும். பந்தயக்காரர்களுக்கென ‘சூப்பர் ஸ்டாக்’ என்ற பெயரில் விற்ற விற்களில் இடப்பக்க வில்லும் வலப்பக்க வில்லும் ஒன்றுபோல் இரா. வலப்பக்கத்தது அதிக விறைப்புடையது. இலேசாகும் வலச் சக்கரத்தை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் தந்திரம் அது. அக்கம்பெனியின் பொறியாளர் சிலர் 1950களின் கடைசியில் ராம்சார்ஜர்ஸ் என்ற பந்தயக் குழுவை அமைத்துக்கொண்டு, வாரநாளில் மேசையில் போட்ட கணக்கை விடுமுறை நாளில் பந்தயத் தடத்தில் சரிபார்த்து வந்தனர். கணக்கும் களமும் இவ்வளவு நெருங்கி வாழ்வது அரிது.

மஸ்டாங் காரைப் பந்தயத்துக்கென மாற்றியமைத்த ஷெல்பி நிறுவனத்தாரின் 1965ஆம் ஆண்டு ஜி.டி. 350 வண்டியில், இருசுக்கு மேலிருந்து உடலுக்குச் செல்லும் இரும்புச் சட்டங்கள் இருந்தன. கூடு சுழலாதபடி அவை மேலிருந்து பிடித்துக்கொண்டன.

இனி, இத்தகைய வண்டி ஒன்றைக் கைவசம் வைத்திருப்பவர் செய்யத்தக்கது என்ன?

புதுச் சாமான் எதையும் வாங்குமுன் பழையதைப் பார்த்தல் வேண்டும். வில்லின் முன்கண்ணில் உள்ள ரப்பர் புஷ் நைந்திருந்தால், அதன்மேல் எத்தனை அணிகலன் பூட்டினாலும் வீண். வண்டியைத் தள்ளும் விசை முழுவதும் அந்தக் கண் வழியாகவே செல்கிறது. யூ போல்ட்டுகள் தளர்ந்திருந்தால் இருசு தன் இருக்கையில் அசையும். அசைந்தால் பட்டைகளைக் கோத்திருக்கும் நடு போல்ட் வெட்டுண்டு போகும். போனால் இருசு ஒரு பக்கம் இடம் நகர்ந்து, வண்டி நண்டுபோல் கோணலாக ஓடும். லாரி ஓட்டும் அன்பர்களுக்கு இதனை நாம் சொல்லவேண்டியதில்லை. மலையேற்றத்தில் பாரத்துடன் கிளம்பும் லாரிக்கு நேரும் விபத்துகளில் இதுவும் ஒன்று.

அடுத்தது டயர். பிடிப்பைக் கூட்டுவதில் டயருக்கு நிகர் வேறில்லை. அதற்குப் போகவேண்டிய பணத்தை முதலில் குரோமியம் பூசிய சட்டங்களுக்குச் செலவிடுவது முறையன்று. பந்தயத் தடத்துக்கென்றே செய்த மென்மையான டயரில் காற்றைக் குறைத்து ஓட்டுவார்கள். அது கண்டு சாலை டயரிலும் காற்றைக் குறைக்கலாகாது. டயரின் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும்.

மூன்றாவது வில். தளர்ந்த பழைய வில்லுக்குப் பதிலாகப் பல பட்டை கொண்ட நல்ல வில். அதன் முன்பாதியில் பட்டைகளைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்புகளை நெருக்கமாக வைத்து, பின்பாதியில் தளர்த்திவிடுவது பந்தயக்காரர்கள் கண்ட எளிய வழி. கிரைஸ்லர் பொறியாளர்களின் அதே தத்துவம், ஏழைக்கேற்ற உருவில். வண்டியைத் தாழ்த்துவதற்காக இருசுக்கும் வில்லுக்கும் இடையே உயரமான இரும்புக் கட்டைகளை வைக்கிறார்களே, அது தீது. கட்டையின் உயரம் கூடக்கூட நெம்புகோல் நீள்கிறது. வில் முன்னிலும் அதிகமாக நெளிகிறது. பின்புறத்தை உயர்த்துவதற்காக நீண்ட ஷேக்கிள் மாட்டுவதும் நன்றன்று. வண்டி பக்கவாட்டில் ஆடும்.

நான்காவதாகவே டிராக்ஷன் பார் என்னும் பிடிப்புச் சட்டம். அதன் மிக எளிய வடிவம் இது: வில்லின் அடியில், இருசின் இருக்கையோடு சேர்த்து ஒரு தடித்த சட்டத்தை இறுக்கி, அதனை முன்னோக்கி நீட்டி, முனையில் ஒரு ரப்பர்க் கட்டையை வைப்பார்கள். அமைதியாக ஓடும்போது ரப்பருக்கும் வில்லுக்கும் இடையே சிறு சந்து இருக்கும். எஞ்சின் முறுக்கும்போது கூடு சுழல, சட்டத்தின் முனை எழுந்து வில்லின் முன்கண்ணுக்கு அடியில் முட்டும். முட்டியபின் வில் நெளிய இடமில்லை. முட்டுகிற விசை வண்டியின் உடலை மேலே தூக்கும். அதன் எதிர்விசை டயரைத் தரையில் அழுத்தும். இங்கே கவனிக்கவேண்டியது ஒன்று: ரப்பர் முட்டுமிடம் முன்கண்ணுக்கு நேர் கீழே இருக்கவேண்டும். சட்டம் குட்டையாகி, பட்டையின் நடுவில் முட்டினால், முட்டிய இடத்திலேயே பட்டை ஒடியும். கடையில் மலிவாகக் கிடைக்கும் சட்டங்களில் இக்குறை உண்டு. வலப்பக்கச் சந்தைச் சற்றுக் குறைத்து வைத்தால் வலச் சக்கரம் முந்தி அழுந்தும். சாய்வு நோய்க்கும் அது ஓரளவு மருந்து.

பின்னாளில் இதனினும் திருந்திய அமைப்பு ஒன்று வந்தது; கால்ட்ராக்ஸ் என்ற பெயரில் அது பெயர் பெற்றது. முன்கண்ணின் போல்ட்டில் ஒரு முக்கோணத் தகடு சுழலும்படி மாட்டப்படுகிறது. இருசின் அடியிலிருந்து ஒரு கோல் அந்தத் தகட்டின் கீழ்முனைக்கு வருகிறது. கூடு சுழன்றால் கோல் முன்னோக்கித் தள்ளும், தகடு திரும்பும், அதன் மேல்முனை வில்லின் முன்பாதியை மேலிருந்து அழுத்தும். எழும்ப முயலும் பட்டையை, எழுப்புகிற விசையைக் கொண்டே அமுக்கிவிடுவது! மற்ற நேரங்களில் அது வில்லைத் தொந்தரவு செய்வதில்லை.

ஏணிபோல் வலுவான முக்கோணச் சட்டங்களை இருசிலேயே வெல்டிங் செய்துவிடும் வழக்கமும் உண்டு. நேர்கோட்டுப் பந்தயத் தடத்தில் மட்டும் ஓடும் வண்டிக்கு அது பொருந்தும். சாலையில் ஓடும் வண்டிக்கு நாம் அதனை விரும்ப மாட்டோம். ஏனெனில் வில் ஒரு வட்டத்தில் அசைய விரும்பும். சட்டம் வேறொரு வட்டத்தில் அசைய விரும்பும். இரண்டும் ஒரே இருசைப் பிடித்திருந்தால் ஒன்றையொன்று இழுத்து ஒன்று முறியும். வளைவில் ஒரு சக்கரம் எழுந்து மற்றொன்று தாழவேண்டிய வேளையில் இருசு விறைத்து நிற்கும். பின்சக்கரங்கள் பிடி இழந்து, வண்டி வாலைச் சுழற்றிவிடும். உயிர் போவது அந்த வளைவில்தான். மழை நாளாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஷாக் அப்சார்பரைப் பற்றிச் சுருக்கமாக: முன்புறத்தில் எளிதாக நீண்டு, மெல்லச் சுருங்குபவற்றைப் பந்தயக்காரர்கள் மாட்டுவர், பாரம் விரைந்து பின்னுக்குச் செல்லும் என்பது எண்ணம். வேகத்தில் கொஞ்சம் மாற்றம் உண்டு, அளவில் இல்லை. சாலைக்கு அவை உதவா. பினியன் மூக்கை, வண்டி நிற்கும்போதே, ஆப்புத் தகடு வைத்துச் சில பாகை கீழ்நோக்கிச் சாய்த்து வைப்பது மட்டும் செய்யத்தக்கது. முறுக்கில் அது நிமிர்ந்து புரொப்பல்லர் தண்டுக்கு நேராக வந்துவிடும். யுனிவர்சல் ஜாயின்ட் பிழைக்கும்.

அந்த ஜாயின்ட் பிழைப்பது ஏன் முக்கியம் என்பதையும் சொல்லிவிடவேண்டும். சக்கரத் துள்ளலைச் சிலர் வேடிக்கையாகக் கருதுகின்றனர். ஒவ்வொரு துள்ளலும் ஒரு சம்மட்டி அடி. முதலில் முறிவது பெரும்பாலும் யுனிவர்சல் ஜாயின்டோ இருசுத் தண்டோ ஆகும். முன்புற ஜாயின்ட் முறிந்து புரொப்பல்லர் தண்டின் முன்முனை சாலையில் விழுந்தால், ஓடுகிற வண்டி தன் முதுகெலும்பையே கழியாக ஊன்றிக் குதிக்க நேரும். அல்லது தண்டு அடித்தளத்தைக் கிழித்துக்கொண்டு உள்ளே வரும். 1951இல் தொடங்கிய அமெரிக்கத் தேசிய ஹாட் ராட் சங்கம், தன் தடத்தில் ஓடும் விரைந்த வண்டிகளுக்குப் புரொப்பல்லர் தண்டைச் சுற்றி ஓர் இரும்பு வளையம் வேண்டும் என்று விதித்திருக்கிறது. எஞ்சினைப் பெருக்கியவர் அந்த வளையத்தை விட்டுவிட்டால், அவர் பக்கத்தில் அமர்பவர் யார் என்பதையும் எண்ணிப்பார்க்கவேண்டும்.

நிறுத்தும்போதும் ஒரு சொல். பிரேக் போடுகையில் கூடு எதிர்த்திசையில், மூக்குத் தாழ்ந்து, சுழலும். அடியில் பூட்டிய எளிய பிடிப்புச் சட்டம் அந்தத் திசையில் எதையும் தடுப்பதில்லை. ஆகவே கிளம்பும்போது துள்ளாத வண்டி, நிற்கும்போது துள்ளக் கூடும். சட்டம் வைத்தவர் இதனையும் சோதித்துப் பார்க்கவேண்டும்.

இந்தியாவில் இருந்துகொண்டு நம் வண்டியில் இவற்றைச் செய்யலாமா என்று கேட்போர்க்கு: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றுக்கு மாறுபடும்படி வண்டியைத் திருத்தலாகாது என்கிறது. தேய்ந்த வில்லுக்குப் பதில் அதே அளவுள்ள புது வில் போடுவதற்குத் தடையில்லை. அமெரிக்காவிலும் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. அங்குள்ள அன்பர்கள் கேட்டறிந்து செய்க.

வேலை எல்லாம் முடிந்தபின், வண்டியைத் தூக்கு ஜாக்கியிலிருந்து இறக்கி, அதன் பாரம் முழுவதும் சக்கரங்களின்மேல் அமர்ந்த பிறகே கண் போல்ட்டையும் ஷேக்கிள் போல்ட்டையும் கடைசி இறுக்கு இறுக்கவேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால், இறங்கியதுமே ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு கிழியும். சில நூறு மைல் ஓட்டியபின் யூ போல்ட்டுகளை மீண்டும் ஒருமுறை இறுக்குவதும் அவசியம். புதுப் பட்டைகள் ஒன்றோடொன்று படிந்து அமர, அவை தாமாகவே சற்றுத் தளர்ந்திருக்கும்.